ஏழு உருளை வண்டி

"பதினெட்டாயிரத்து அறுநூத்தம்பது. மறந்துடல அத்தான். ஆனா கையில இப்போ காசில்ல. இன்னும் ரெண்டு மாசம் பொறுங்க. அதுவரைக்கும் வட்டின்னு வச்சுக்குங்க, இன்னிக்கு புது வண்டியை நீங்க ஓட்டுங்க. சார்கிட்ட சொல்லிட்டேன்."

மனைவியின் தம்பி இப்படிச் சொன்னதும் டீசல் வாய்க்குக் கொண்டுபோன டீ கிளாஸை அப்படியே பிடித்துக்கொண்டார். எத்தனை தரம் துவைத்தாலும் சட்டையை விட்டுப் போகாத டீசல் வாடையால் வந்த பெயர் அது. இப்போது வீட்டிலும் அதே பெயர்தான்.

"நானா ஓட்டணும்?"

"ஏன், கசக்குதா?"

கசக்கிற விஷயமில்லை அது. எட்டு விளையாட்டு மைதானங்கள். புல் வெட்ட இதுவரை இரண்டு டிராக்டர், இரண்டு டிரைவர்: டீசலும் மச்சினனும். ஒவ்வொரு டிராக்டருக்கும் பின்னால் கத்தி பொருத்திய மூன்று வெட்டு உருளைகள். இப்போது ஏழு உருளைகள் உள்ள வண்டி ஒன்றைக் கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். மைதானங்களைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரிக்குப் பிடித்து வாங்கிவிட்டால் ஒரு டிரைவர் போதும். இன்று ஓட்டிக் காட்டுகிறவனுக்கு வேலை நிரந்தரம். மற்றவனுக்கு இந்த மாதத்தோடு சீட்டு கிழிந்துவிடும். இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் வந்த மச்சினன்தான் ஓட்டப் போகிறான் என்று நேற்று இரவு வரை முடிவாகியிருந்தது.

"அப்போ நீ என்னடா பண்ணுவ?"

"எனக்கென்ன, தனிக்கட்டை. லாரி ஓட்டுவேன், இல்லன்னா எதையாவது தள்ளுவேன். உங்களுக்கு ரெண்டு பொண்ணு இருக்கு. அக்கா கண்ணைக் கசக்கினா என்னால பாத்துட்டு இருக்க முடியாது."

டீசல் மீதி டீயைக் கீழே ஊற்றினார். கிளாஸை வைத்துவிட்டு ஓடாத குறையாக மைதானத்துக்குள் நடந்தார்.

மூன்றாவது விளக்குக் கம்பத்திலிருந்து பன்னிரண்டு தப்படி. அங்கே மண்டியிட்டு, புல்லைக் கையால் விலக்கி விலக்கிப் பார்த்தார். எங்கு பார்த்தாலும் ஒரே பச்சை. தள்ளிப் போய்த் தேடினார். திரும்பி வந்து கம்பத்திலிருந்து மறுபடியும் அடி வைத்து எண்ணினார். மணி எட்டரை ஆகியிருந்தது. ஒன்பதுக்கு அதிகாரி வந்துவிடுவார்.

"என்ன அத்தான், புல்லுக்குப் பேன் பாக்குறீங்களா?" மச்சினன் பின்னால் வந்து நின்றான்.

"ஒரு போல்ட்டுடா. பெரிசு. நேத்து சாயங்காலம் இந்தப் பக்கம் வந்தப்போ தவறிடுச்சு."

"ஒத்தை போல்ட்டுக்கா இந்தப் பாடு?"

"என்னடா இப்படிக் கேக்குற? உருளையில மாட்டுச்சுன்னா கத்தி பல்லு பல்லாப் போயிடும். கீழ இருக்கிற அடிக்கத்தியும் சேந்து போயிடும். வண்டி இன்னும் கம்பெனிக்காரனோடது. ஓட்டுனவன் தலையிலதான் விடியும்."

"அது உண்மைதான். ஓட்டுனவன் பாடு அதோகதிதான்" என்று மச்சினனும் தலையாட்டினான். பிறகு அவனும் குனிந்து தேட ஆரம்பித்தான். இருவருக்கும் முதுகு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்தார். விஷயம் தெரிந்தவர். செய்தித்தாளைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, ஒவ்வொரு உருளையிலும் நுழைத்துக் கையால் சுற்றிப் பார்த்தார். ஏழும் கத்தரிக்கோல் மாதிரி நறுக்கென்று வெட்டின.

"ம், கத்தி சரியாத்தான் உக்காந்திருக்கு. ஏறுங்க."

"சார், ஒரு அரை மணி நேரம் குடுங்க. கல் கில் கிடக்கும். பொறுக்கிட்டு..."

"கல்லெல்லாம் பொறுக்கியாச்சு சார்" என்றான் மச்சினன்.

"அப்புறம் என்னய்யா? எனக்குப் பத்து மணிக்கு மீட்டிங் இருக்கு."

டீசல் ஏறினார். உருளைகள் இறங்கின. புல் சரசரவென்று விழ, பின்னால் பாய் விரித்த மாதிரி அகலமாகப் பாதை விழுந்துகொண்டே வந்தது. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண் முழுக்க அந்த மூன்றாவது கம்பத்தின் மேலேயே இருந்தது. கம்பம் நெருங்கியதும் கை தானாக நெம்புகோலை இழுத்தது. ஏழு உருளைகளும் மேலே எழும்பின. நாலு கஜம் தாண்டி மறுபடி இறக்கினார்.

அதிகாரி கைதட்டிக் கூப்பிட்டார். "அங்க ஏன் தூக்குனீங்க? அரைகுறையா செரைச்ச தாடி மாதிரி நிக்குது பாருங்க. திரும்பப் போய் வெட்டுங்க."

"சார், அந்த இடத்துல கொஞ்சம் மேடு..."

"மேட்டுல வெட்டாத வண்டி எனக்கு எதுக்கு? வெட்டுங்க."

டீசல் வண்டியைப் பின்னால் எடுத்தார். உருளைகளை இறக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இரும்போடு இரும்பு மோதும் அந்தச் சத்தம் இதோ வருகிறது, இதோ வருகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

சரசர. அவ்வளவுதான். கண்ணைத் திறந்தபோது கம்பம் பின்னால் போயிருந்தது.

"வண்டி நல்லா இருக்கு. இதையே வாங்கிடலாம். நீங்களே ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டு அதிகாரி கிளம்பிப் போனார்.

டீசல் இன்னும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். மச்சினன் வந்து தோளைக் கொடுத்து இறக்கினான். பிறகு அவர் கையைப் பிடித்து விரித்து, அதில் எதையோ வைத்தான். விரல் நீளத்துக்கு, மண் ஒட்டிய ஒரு போல்ட்.

"தவறி விழுந்த போல்ட்டு நட்டுக்குத்தலா நிக்காது அத்தான். சுத்தியால அடிச்சு இறக்கியிருந்தீங்க. காலையில கல் பொறுக்க வந்தப்போ அதைப் பிடுங்குறதுக்குள்ள எனக்கு நாக்கு தள்ளிடுச்சு."

டீசல் போல்ட்டை அவசரமாகச் சட்டைப்பைக்குள் திணித்தார்.

"அக்காவுக்கு இது தெரிய வேண்டாம்" என்றான் மச்சினன். "அந்தப் பதினெட்டாயிரத்து அறுநூத்தம்பதை மட்டும் இதோட கழிச்சுக்குங்க."