மறுவருடப் பஞ்சு

"வெள்ளைப் பஞ்சு விதைன்னுதானுங்களே குடுத்தீங்க? எங்க காடெல்லாம் பழுப்பா வெடிச்சுக் கெடக்குது!" சென்னியப்பன் வாசலில் ஊரே கத்தியது.

"என் செடியில வெள்ளையாத்தானய்யா வெடிச்சுது!"

அதுவும் பொய்யில்லை. எந்த மகரந்தம் சேர்ந்தது என்பது அந்த வருடப் பஞ்சில் தெரியாது. விதையை விதைத்தால்தான் தெரியும்.

போன வருடம் அவர் தோட்டத்தில் விதைக்காகப் பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு வைத்த கூலிக்காரி பாவாயி. அவள் மகள் கறுப்பென்று, தன் மகனுக்குப் பேசி முடித்த கல்யாணத்தை அவர் முறித்த மறுநாளிலிருந்து, தன் வீட்டுக் கொல்லையில் நின்ற பழுப்புப் பருத்தியின் பூக்களை மடியில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாளாம்.

"நெறம் வம்சத்துல வருமுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க" என்றாள் இப்போது, எல்லார் முன்னாலும்.

சென்னியப்பன் தோட்டத்தை விற்றுக் கரூர் போனார். கெஞ்சி வந்த அவர் மகனை வேண்டாமென்று, பாவாயி மகள் லாரி டிரைவர் ஒருவனைக் கட்டிக்கொண்டாள்.