லட்சத்தில் ஒருத்தன்

கண்டக்டர் பையில் இருந்த காசுகளில் ஒரு அஞ்சு ரூபாய்க்குத்தான் வாய் நீளம். ஆடுகிற தண்ணீர் மோட்டாருக்கு முட்டுக்கொடுக்க யாரோ அதைச் சுத்தியலால் அடித்துச் செருகியதில் ஒரு பக்கம் சப்பிப்போயிருந்தது. அதைப் பற்றி மட்டும் மூச்சு விடாது.

"நான் அச்சிலேயே இப்படிப் பிறந்தவனாக்கும். லட்சத்தில் ஒருத்தன். என்னைத் தேடி ஆள் வரும் பாருங்க," என்று நாளைக்கு நாலு தடவை சொல்லும்.

பக்கத்தில் ஒரு ரெண்டு ரூபாய். அதன் படம் நடுவில் விழாமல் ஓரமாகச் சரிந்து, மறு ஓரம் மொட்டையாக இருந்தது. "நீ எதுக்குடா தலைகாட்டுறே? கடைக்காரன் பார்த்தா செல்லாதும்பான்," என்று அஞ்சு ரூபாய் அதட்டும். அது பாவம், குப்புறப் படுத்துக்கொள்ளும்.

ஒருநாள் காசு சேர்க்கும் பைத்தியமுள்ள சிட்டிபாபு பஸ் ஏறினார். மீதிச் சில்லறையாக வந்த இரண்டையும் உள்ளங்கையில் வைத்து லென்ஸை எடுத்தார். அஞ்சு ரூபாய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது.

"இதுல எழுத்து நசுங்கியிருக்கு. யாரோ அடிச்சிருக்காங்க. வேற குடுங்க," என்று அதைக் கண்டக்டரிடமே நீட்டினார். ரெண்டு ரூபாயைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். "எழுத்து நசுங்கவே இல்லை, இடம்தான் தள்ளியிருக்கு! அச்சடிக்கும்போதே தவறினது!" கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தினார்.

பைக்குள் திரும்பி விழுந்த அஞ்சு ரூபாயைச் சில்லறைகள் சூழ்ந்துகொண்டன. அது தொண்டையைச் செருமிக்கொண்டது.

"போறானே, அவன் யாருன்னு நினைச்சீங்க? என் சொந்தச் சித்தப்பா பையன்! கண்ணு பட்டுடக் கூடாதுன்னு நான்தான் அவனைக் குப்புறப் படுக்க வெச்சிருந்தேன்."