கெட்டவனின் செருப்பு

மாலை வெயில் மேசையில் சாய்ந்து கிடக்கிறது. எழுத்தாளர் எழுதி வைத்த பக்கங்களை, துணி மடித்துக்கொண்டே படிக்கிறாள் மனைவி. "மூணு பக்கமா இந்த அண்ணன்காரன் கத்திக்கிட்டே இருக்கானே, தொண்டை வலிக்காதா? உங்க அண்ணன் இவ்வளவு மோசமில்லைங்க." அவர் முகம் சுண்டிப்போகிறது. அண்ணனோடு பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது. "சைக்கிள் கத்துக்கொடுத்தாருன்னு சொல்வீங்களே, அதை மட்டும் காணோம்?" சட்டையொன்றை உதறி மடிக்கிறாள். மின்விசிறிக் காற்றில் தாள்கள் படபடக்கின்றன. வெகுநேரம் கழித்து அவர் எழுதுகிறார்: செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல், தம்பி ஓட்டும் சைக்கிளைப் பின்னாலிருந்து பிடித்தபடி அண்ணன் ஓடுகிறான். கதைப்படி அடுத்த பத்தியில் அவன் சாக வேண்டும். பேனா நகரவில்லை.