ரெண்டு விசில்

கணினித் திரையின் மூலையில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. 04:10. 04:09.

கண்டக்டரம்மா பாஸ்போர்ட்டை ஒரு கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு, மறு கையின் ஒற்றை விரலால் எண்களைத் தட்டிக்கொண்டிருந்தாள். சுற்றுலாக் கப்பலில் மிச்சம் ஒரே ஒரு அறை. கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டால் அதுவும் வேறு யாருக்கோ போய்விடும்.

சாப்பாட்டு மேஜையின் மறுமுனையில் டிரைவர் ஒரு நோட்டுப் புத்தகத்தை அணைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

பதினேழாம் நம்பர் பஸ்ஸை இருபத்தாறு வருஷம் ஓட்டியவர். அதே பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவள் அவள். மூன்றாவது வருஷம் கல்யாணம் செய்துகொண்டார்கள். ரூட் மட்டும் மாறவில்லை.

அந்த நோட்டில் இருந்தது அவருடைய சொந்த ரூட். கடலோரச் சாலையில் பன்னிரண்டு நாள். வாடகைக் கார். பிடித்த இடத்தில் பிரேக். எங்கே தங்குவது, எந்த வளைவில் இறங்கி டீ குடிப்பது, எல்லாம் எழுதி வைத்திருந்தார். முதல் பக்கங்களில் எறும்பு ஊர்வது போன்ற எழுத்து. கடைசிப் பக்கங்களில் தடித்த மார்க்கர் பேனாவால் பக்கத்துக்கு நாலே வரி.

"மூவாயிரம் பேரை ஒரே டப்பாவுல அடைச்சு, ஊருக்கு ஆறு மணி நேரம்னு இறக்கி விடுவான். அதுக்குப் பேரு சுற்றுலாவா? டீ பிரேக்!"

"நான் டீ குடிக்கத்தான் வரேன்."

"ஸ்டீயரிங் யார் கையில இருக்குன்னே தெரியாது."

"கேப்டன் கையிலதான். லைசென்ஸ் வெச்சிருப்பார், கவலைப்படாதீங்க."

03:02.

அவளுக்கு வியர்த்தது. இப்போது கப்பல் உறுதியாகாவிட்டால், நாளைக் காலை அவர் கார்காரனுக்குப் போன் போட்டு சரி என்று சொல்லிவிடுவார். வாக்குக் கொடுத்துவிட்டால் டிரைவர் ரிவர்ஸ் எடுக்க மாட்டார்.

"எனக்கு முட்டி போச்சுங்க. பன்னெண்டு நாள் கார்ல காலை மடக்கிட்டு உக்கார முடியாது."

முட்டி போய் ஒரு வாரம்தான் ஆகிறது. வாய்க்கு வந்ததைச் சொல்லப்போய், இப்போது வீட்டுக்குள் நொண்டியே ஆக வேண்டியிருந்தது.

"நடுவுல நடுவுல நிறுத்தறேன். இறங்கி நட. கடல்காத்து பட்டா முட்டி தன்னால சரியாயிடும். இங்க பாரு, ஆறாவது நாள்ல ஒரு வளைவு வரும்…"

01:40.

அவர்களுக்குள் ஒரு விதி இருந்தது. ஒரு விசில் என்றால் நில். ரெண்டு விசில் என்றால் போ. கண்டக்டரின் விசிலுக்கு டிரைவர் காரணம் கேட்பதில்லை. கேட்டுக்கொண்டிருந்தால் பஸ் ஓடாது.

ஓய்வு பெற்றபோது விசிலை டிப்போவில் ஒப்படைத்துவிட்டு வந்தார்கள். விதி கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது. விசிலுக்குப் பதிலாக விரல். சண்டையில், கடைத்தெருவில், காரில். போன செவ்வாய்க்கிழமைகூட காரின் டாஷ்போர்டில் ஒரு தட்டுத் தட்டினாள். கார் கிறீச்சிட்டு நின்றது. ஏன் என்று அவர் கேட்கவில்லை.

இப்போது அவள் மேஜையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

அவர் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டார். ஆறாவது நாளின் வளைவு அப்படியே அந்தரத்தில் தொங்கியது.

மெல்ல நோட்டை மூடினார். அதன் அட்டையை ஒருமுறை தடவிக்கொடுத்தார்.

அவள் அந்த அட்டையையே பார்த்தாள். ஆனால் நேரம் இல்லை. திரையில் கடைசிப் பக்கம் வந்திருந்தது. பயணிகளில் யாருக்காவது சிறப்பு உதவி தேவையா? கீழே வரிசையாகக் கட்டங்கள்.

"என் பேர்ல முட்டிக்கு டிக் போட்டுட்டேன்" என்றாள், அவருக்குக் கேட்கும்படி.

00:48.

"ஒண்ணு கேக்கவா?" என்றார் டிரைவர்.

"சீக்கிரம்."

"செவ்வாய்க்கிழமை நீ தட்டினியே. முன்னாடி என்ன நின்னுச்சு?"

அவள் விரல் விசைப்பலகையின் மேலேயே நின்றது.

இருபத்தாறு வருஷ சர்வீஸிலும் அதற்குப் பிறகும் அவர் ஒரு விசிலுக்குக் காரணம் கேட்டது இதுவே முதல் தடவை. பூனை என்று சொல்லலாம். நாய் என்று சொல்லலாம். நல்ல பொய்கள் நாலைந்து நாக்கு நுனிவரை வந்தன.

00:31.

"லாரி" என்றாள்.

"சின்னதா?"

"இல்லீங்க. பெரிசு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். ஆறு மாதமாக அவள் ஏன் பின்சீட்டை விட்டுவிட்டு முன்சீட்டில் வந்து உட்கார்ந்து, சிக்னல் சிவப்பு, சிக்னல் பச்சை என்று ஓயாமல் வாயடித்துக்கொண்டு வந்தாள் என்று அவர் கேட்டதே இல்லை. இப்போதும் கேட்கவில்லை.

"அந்த லிஸ்ட்ல கண்ணுன்னு ஒரு கட்டம் இருக்கா?"

"இருக்கு."

"என் பேர்ல டிக் போடு. முட்டியை எடுத்துடு. நேத்து மாடிப்படியில நீ ஓடினது கீழ வரைக்கும் கேட்டுச்சு."

00:12.

அவள் முட்டியை எடுத்தாள். கண்ணைப் போட்டாள். கலங்கிய திரையில் பொத்தானைத் தேடி அழுத்தினாள். எண்கள் நின்றன.

பிறகு, மேஜையில் ரெண்டு தட்டுத் தட்டினாள்.

"ரைட்" என்றார் டிரைவர். அவருடைய கை, தன்னையறியாமல், காற்றில் முதல் கியரைப் போட்டது.