அரை லிட்டர்

"உன் அரை லிட்டர் வந்தாச்சு!"

காற்றடிக்கும் அண்ணன் அந்தக் கோடியிலிருந்து குரல் கொடுத்தார். சாதா பெட்ரோல் பம்பில் வேலை பார்க்கும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அவள் திரும்பவில்லை. திரும்பாமலே தெரியும். அந்தப் பழைய பைக்கின் இருமல் அப்படி.

அங்கே வண்டிகள் வாசல்வரை வரிசையில் நின்றன. இங்கே, பிரீமியம் பம்பில், ஈ காக்கை இல்லை. காலையில் ஒரு கார் வந்தது. வழி கேட்டுவிட்டுப் போய்விட்டது.

"ஜீரோ பாருங்க சார்."

"பார்த்துட்டேம்மா. அரை லிட்டர்."

தினமும் இதே பேச்சுதான். இதே அரை லிட்டர்தான். ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு, எதையோ சொல்ல வந்து விழுங்குகிறவர் மாதிரி நிற்பார். பிறகு கிளம்பிவிடுவார்.

ஓட்டை வண்டிக்குப் பிரீமியமா? கிழிந்த சட்டைக்கு வெள்ளிப் பொத்தான் தைத்த கதை.

"பெட்ரோலுக்கா வர்றாரு மனுஷன்?" என்று ஒருத்தி நேற்றுக் கேட்டாள். "தலை நரைச்சாலும் ஆசை நரைக்கலை போல!"

அந்தச் சிரிப்பு ராத்திரி தூங்கும்வரை காதிலேயே இருந்தது.

அவளும் முன்பு அந்தப் பக்கம்தான் நின்றாள். நல்ல கூட்டம், நல்ல அரட்டை. ஒருநாள் யாரோ ஒருத்தர், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், "ரெண்டுல எதும்மா போடட்டும்?" என்று கேட்டார்.

"உங்க வண்டிக்கு சாதாவே போதும் சார். மத்ததைப் போட்டா காசுதான் கரையும்" என்றாள்.

மேனேஜர் பின்னாலேயே நின்றிருந்தார்.

"ஓஹோ, உண்மை விளம்பியா நீ? போ, பிரீமியம் பம்ப்ல போய் நில்லு. என்னைக்கு அந்த மீட்டர் அசையாம நிக்குதோ, அன்னைக்கு நீ வீட்டுக்குக் கிளம்பிடலாம்!"

வந்த வண்டிக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். பெட்ரோல் குழாயைப் பிடித்த கையோடு அவளால் அழக்கூட முடியவில்லை.

அன்றிலிருந்து யாரும் அவளோடு சேர்ந்து நிற்பதில்லை. சேர்ந்து நின்றால் மேனேஜர் கண் தங்கள் மேலும் விழுமோ என்ற பயம். டீ அவளிடம் வரும்போது ஆடை படிந்திருக்கும்.

அம்மா போனில் கேட்டால், "எனக்கென்னம்மா, சிரிப்பும் கும்மாளமுமா பொழுது போயிடுது" என்பாள்.

இன்று டேங்க் மூடியைத் திறந்தவள் திகைத்துப் போனாள். பெட்ரோல் விளிம்புவரை தளும்பியது.

"சார், எங்க ஊத்தறது? வழியப் போகுது."

"பரவாயில்லம்மா. கொஞ்சம் இறங்கினாலும் போதும்."

"வண்டியை எடுக்கறதே இல்லையா?"

அவர் தரையைப் பார்த்தார். "எனக்குப் போக வேற இடம் ஏது? இங்க வர்றதுக்கு மட்டும்தான் எடுக்கறேன்."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றுவிட்டது. எல்லோருடைய காதும் இங்கேதான்.

அவளுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். முக்கால்வாசி நாள் இவருடைய அரை லிட்டர்தான் அந்த மீட்டரை அசைக்கிறது. இவரை விரட்டினால் வேலை போகும். விரட்டாவிட்டால் மானம் போகும்.

அம்மாவின் முகம் ஒருமுறை வந்து போனது.

"சார், ஒளிவு மறைவு இல்லாம சொல்லிடறேன்." அந்தப் பக்கமும் கேட்கிற மாதிரியே பேசினாள். "இந்த வண்டிக்குப் பிரீமியம் தேவையே இல்லை. சாதாவே போதும். நீங்க எதுக்கு வர்றீங்கன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் வேணாம். நாளையிலேர்ந்து அந்த வரிசைக்குப் போயிடுங்க. இந்தப் பக்கம் வராதீங்க."

சொல்லி முடித்ததும் பம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் கோபப்படவில்லை. நாலு பேர் பார்க்கிறார்களே என்று கூசியவர்போல, முழங்கையிலிருந்த ஹெல்மெட்டை எடுத்து மெதுவாகத் தலையில் மாட்டிக்கொண்டார். முகம் மறைந்தது. குரல் மட்டும் வந்தது. முன்பு ஒருநாள் இப்படியே ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கேட்ட குரல்.

"இதையேதாம்மா அன்னைக்கும் சொன்னீங்க. நான் பாட்டுக்கு வாயை மூடிக்கிட்டு சாதாவைப் போட்டுட்டுப் போயிருந்தா, நீங்க இங்க தனியா நிக்க வேண்டியிருந்திருக்காது."

அவள் அந்த ஹெல்மெட்டையே பார்த்தாள்.

"நாளைக்கு வரலை. இன்னைக்கு மட்டும் ஒரு சொட்டாவது ஊத்துங்கம்மா... மீட்டர் இன்னும் ஜீரோவுலதான் நிக்குது."