ஏழாம் நம்பர் கலவை

"சார், ஓடி வாங்க!" ஆராய்ச்சி மாணவி போட்ட கூச்சலில் ஆய்வகமே அதிர்ந்தது.

ஒரு நுண்ணோக்கியின் படம் கலவைத் துண்டின் உள் வடிவத்தைக் காட்டியது. இன்னொன்றின் படம், எந்த பிளாஸ்டிக் எங்கே என்று நிறம் பிரித்துக் காட்டியது. இரண்டையும் கணினித் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தியிருந்தாள்.

"எலியும் பூனையுமா இருந்த ரெண்டு பிளாஸ்டிக்கும் இடைவெளியே இல்லாம ஒட்டியிருக்கு சார்! என் ஏழாம் நம்பர் கலவை!"

"மூணு வருஷம் முட்டி மோதினது வீண் போகலைம்மா!" பேராசிரியர் கைதட்டினார்.

கலவை இயந்திரத்தை ஓட்டும் அக்கா வாசலில் நின்றாள். "ஏழாம் நம்பர் துண்டு இதோ என் கையில இருக்கும்மா. நீ எடுத்துட்டு வந்தது, மெஷினைச் சுத்தம் பண்ண மிச்சம் மீதியைப் போட்டு ஓட்டின கழிவு."

"எதெது எவ்வளவு போட்டீங்க?"

"கைக்கு வந்ததை அள்ளிப் போட்டேன்."

மாணவி தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு, நோட்டைத் திறந்தாள்.

"உட்காருங்கக்கா. எந்தக் கையால அள்ளினீங்க? அதுலேருந்து சொல்லுங்க!"