உறவுமுறை

பதினாறு வருடம் ஒரே வீட்டில் குடும்பம் நடத்தியவள் பங்கஜம். தாலி இல்லாவிட்டாலும் தான் சட்டப்படி மனைவிதான் என்று வழக்குப் போட்டிருந்தாள்.

"அவ என் சமையல்காரி" என்று கோர்ட்டில் சொல்லிவிட்டான் கான்ட்ராக்டர் தமிழ்வாணன். அன்று மாலையே அந்தமானின் சிப்பிகாட் ஊரில் இருந்த வீட்டில் அவள் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான்.

"பொண்டாட்டியாடி நீ? எவன் சாட்சி சொல்வான்?"

இரண்டு பற்கள் உடைந்தன. அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினான்.

மறுநாள் காலை பாக்குத் தோட்டத்தில் யாரோ பின்னாலிருந்து அவன் தோளில் வெட்டிவிட்டார்கள். சேதி கேட்டுக் கூடிய கூட்டத்தோடு பங்கஜமும் ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

"உடனே ஆபரேஷன் பண்ணணும். சொந்தக்காரங்க கையெழுத்து வேணும். இந்தம்மா யாரு?" என்றார் டாக்டர்.

ரத்தம் வழிய முனகினான் தமிழ்வாணன். "என் பொண்டாட்டி சார். பதினாறு வருஷமா. ஜல்தி கையெழுத்து வாங்குங்க."

பங்கஜம் கையெழுத்துப் போட்டாள். அவனை உள்ளே கொண்டுபோனதும், பக்கத்தில் நின்று அவன் வாக்குமூலத்தை எழுதிய போலீஸ் ஏட்டிடம் திரும்பினாள்.

"பொண்டாட்டின்னு அவர் சொன்னதை எழுதிட்டீங்களா, பாய்சாப்?"

"பக்கா. கைநாட்டும் வாங்கியாச்சு."

"அப்போ, வெட்டினது யாருங்கிற இடத்துலயும் பொண்டாட்டின்னே எழுதுங்க."